அரக்கன் மினியேச்சர் தீட்டும்போது வரும் கோளாறுகள்: அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

மினியேச்சர் என்பது உள்ளங்கை அளவு பொம்மை. அது டிராகனோ மூன்று தலைச் சதுப்புநிலப் பூதமோ, எதைத் தீட்டினாலும் ஒரு கட்டத்தில் ஏதாவது ஒன்று கோணலாகும். செதிலின் மேல் கறை படியும். கண் மாறுகண்ணாகும். நேற்று வழவழவென்றிருந்த இறக்கை இன்று காலையில் சொரசொரவென்றிருக்கும். அந்த நொடியில் கை துடிப்பது இன்னும் கொஞ்சம் பெயின்ட் எடுத்து அதன் மேலேயே பூசத்தான். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். பல வருடங்களாக அரக்கர்களைத் தீட்டி வருகிறேன். என் மேசையில் உண்மையிலேயே பாழான மினியேச்சர்கள் எல்லாம், தவறு கண்ணில் பட்ட பிறகு வந்த ஐந்து நிமிடத்தில் பாழானவை. முதல் தவறு அநேகமாகச் சின்னதாகத்தான் இருந்தது.

காரணம் எளிது. அக்ரிலிக் பெயின்ட்டின் மேல்பரப்பு முதலில் தோல் கட்டும், உள்ளே ஈரம் இருக்கும். அந்த நேரத்தில் பிரஷ் பட்டால் தோல் கிழிந்து, அடியிலிருக்கும் பிரைமர், அதாவது நிறம் ஒட்டுவதற்காக முதலில் அடிக்கும் அடிப்பூச்சு, பல்லிளிக்கும். ஆகவே எந்த அறிகுறி தெரிந்தாலும் முதல் படி ஒன்றுதான்: பிரஷை அலசிப் படுக்க வையுங்கள். 20 நிமிடம் கழித்து, நல்ல வெளிச்சத்தில், கை நீட்டும் தூரத்தில் பிடித்துப் பாருங்கள். அக்ரிலிக் காயும்போது நிறம் கொஞ்சம் அடர்த்தியாகும். பெயின்ட்டில் நிறமியைப் பிடித்து வைக்கும், ஈரத்தில் பால் மாதிரி வெளுப்பாக இருக்கும் பசை காய்ந்ததும் தெளிவாகிவிடுவதே அதற்குக் காரணம். "நிறம் தப்பாகிவிட்டது" என்று தோன்றியதில் பாதி, காய்ந்ததும் தானாகவே சரியாகிவிடும். மீதிக்குத்தான் கீழே உள்ளவை. பெரும்பாலும் வேலை நடக்கும் வரிசையிலேயே எழுதியிருக்கிறேன். உங்களுக்கு எந்த அறிகுறியோ அங்கே நேராகப் போகலாம்.

பெயின்ட் ஒட்டாமல் முத்து முத்தாகத் திரள்கிறது

எண்ணெய்ப் பசை. வேறு சந்தேகமே வேண்டாம். அச்சில் வார்த்த மினியேச்சர் எளிதாகக் கழன்று வர அச்சுக்குள் ஒரு வழவழப்பான பொருள் தடவியிருப்பார்கள், அதன் மிச்சம் மேலே இருக்கும். ரெசினில் (திரவமாக ஊற்றி இறுக வைக்கும் ஒருவகைப் பிளாஸ்டிக்) வார்த்தவற்றில் இது அதிகம். வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பை ஒரு சொட்டு விட்டு, மென்மையான பழைய டூத்பிரஷால் செதில் இடுக்கு, வாயின் உட்புறம், இறக்கையின் அடிப்பக்கம் எல்லாம் தேய்த்துக் கழுவுங்கள். ஒரு ராத்திரி முழுக்கக் காயட்டும்.

பிரைமர் அடித்த பிறகும் இதே அறிகுறி ஒரு குறிப்பிட்ட இடத்தில் மட்டும் வருகிறதென்றால், அது உங்கள் விரல் பட்ட இடம். மினியேச்சரைக் கையால் பிடிக்காமல் ஒரு பாட்டில் மூடியிலோ தக்கையிலோ ஒட்டும் களிமண் வைத்துப் பொருத்தி, அந்தப் பிடியைப் பிடித்துத் தீட்டுங்கள். டிராகனின் கொம்பு நுனியிலும் வால் நுனியிலும் பெயின்ட் தேய்ந்து போகும் பிரச்சினையும் இதிலேயே தீர்ந்துவிடும்.

பிரைமர் காய்ந்து நாள் கணக்கானாலும் பிசுபிசுக்கிறது

இரண்டு சாத்தியங்கள். முதலாவது, போர்டு கேம் பெட்டிகளில் வரும் வளையக்கூடிய பிவிசி பிளாஸ்டிக். அதை மென்மையாக்கச் சேர்த்த ரசாயனமும் சில ஸ்பிரே பிரைமர்களில் உள்ள கரைப்பானும் சேர்ந்தால், அந்தப் பூச்சு முழுதாகக் கெட்டியாவதே இல்லை. இந்த மாதிரி பொம்மைக்குப் பிரஷால் பூசும் அக்ரிலிக் பிரைமர்தான் பாதுகாப்பு. ஏற்கெனவே பிசுபிசுத்துவிட்டதா? அதன் மேல் பிரஷால் அக்ரிலிக் பிரைமரை மெல்லிசாகப் பூசி மூடிப் பாருங்கள். பெரும்பாலும் அடங்கிவிடும். அடங்காவிட்டால் உரித்து எடுக்க வேண்டியதுதான், அதைக் கடைசியில் சொல்கிறேன்.

இரண்டாவது, முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் எடுத்த ரெசின் அரக்கன். இதில் பிசுபிசுப்பு இருந்தால் ரெசின் முழுதாக இறுகவில்லை என்று அர்த்தம். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் கழுவி, நன்றாக உலர்த்தி, புற ஊதா விளக்கில் மறுபடி இறுக வையுங்கள். இறுகாத ரெசின் தோலுக்கு நல்லதில்லை. கையுறை போட்டுக்கொண்டே தொடுங்கள்.

பிரைமர் அடித்ததும் மேல்பரப்பு மணல் தூவிய மாதிரி ஆகிவிட்டது

பெயின்ட் துளிகள் மினியேச்சரை அடையும் முன்பே காற்றில் பாதி காய்ந்து, தூளாக வந்து ஒட்டியிருக்கின்றன. ஸ்பிரே டப்பாவைத் தூரத்தில் பிடித்தாலும், அன்றைக்கு வெயிலும் காற்றும் அதிகமாக இருந்தாலும் இப்படி ஆகும். டப்பாவைச் சரியாகக் குலுக்காததும் ஒரு காரணம். 2 நிமிடம் குலுக்குங்கள். 20 முதல் 30 செ.மீ. தூரத்தில் பிடித்து, மினியேச்சருக்கு வெளியே அழுத்த ஆரம்பித்து, அதைக் கடந்து போய் மறுபக்கம் வெளியே விரலை எடுங்கள். ஒரே இடத்தில் நின்று அடிக்க வேண்டாம். காற்றோட்டமான இடமும் முகக்கவசமும் கட்டாயம்.

மணல் லேசாக இருந்தால் காய்ந்த டூத்பிரஷால் தேய்த்தாலே பெரும்பகுதி உதிர்ந்துவிடும். தட்டையான இறக்கைச் சவ்வில் மட்டும் மிக நைசான உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து மெதுவாகத் தேய்க்கலாம். இங்கேதான் அரக்கன் நமக்குத் தோழன். கல் பூதத்தின் முதுகிலோ முதலைத்தோல் அரக்கனின் தொடையிலோ அந்தச் சொரசொரப்பு இருந்தால் விட்டுவிடுங்கள், பார்ப்பவர்களுக்கு அது தோலின் தன்மையாகவே தெரியும். முகத்தில் இருந்தால் மட்டும் விடக்கூடாது.

இதற்கு நேர் எதிரான கோளாறு, பிரைமர் தடித்துச் செதில்களுக்கு நடுவிலுள்ள பள்ளங்கள் நிரம்பிப் போவது. கிட்டத்தில் நின்று அதிகம் அடித்திருக்கிறீர்கள். மேலே எதைப் பூசினாலும் அந்த விவரங்கள் திரும்ப வராது. உரிப்பதே வழி.

பிரஷ் ஓடிய கோடுகள் தெரிகின்றன, அல்லது பெயின்ட் வழிந்து பள்ளத்தில் தேங்குகிறது

இரண்டும் தண்ணீர்க் கணக்குதான். பாட்டிலிலிருந்து அப்படியே பூசினால் கோடு விழும், தண்ணீர் கூடினால் வழியும். பெயின்ட் பால் மாதிரி ஓட வேண்டும். 2 சொட்டுப் பெயின்ட்டுக்கு 1 சொட்டுத் தண்ணீர் என்று ஆரம்பித்து, கட்டை விரல் நகத்தில் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். கோடு விளிம்பு கலையாமல் நிற்கவும் வேண்டும், நகம் மங்கலாகத் தெரியவும் வேண்டும். முதல் பூச்சு திட்டுத் திட்டாகத்தான் இருக்கும். பதறாதீர்கள். முழுதாகக் காய்ந்த பிறகு இரண்டாவது பூச்சு எல்லாவற்றையும் மூடும்.

வழிவதற்குத் தண்ணீர் மட்டுமே காரணம் இல்லை. பிரஷ் தாங்கும் அளவுக்கு மேல் அதில் பெயின்ட் ஏறியிருக்கும். தோய்த்ததும் ஒரு காகிதத் துண்டில் ஒரு முறை ஒற்றி எடுத்துவிட்டுப் பூசுங்கள். இந்த ஒரே பழக்கம் என் வேலையை மாற்றியது.

பேலட்டில் (நிறம் கலக்கும் தட்டு) பெயின்ட் சீக்கிரம் காய்ந்து கட்டி தட்டினால் ஈரப் பேலட் செய்துகொள்ளுங்கள். மூடியுள்ள ஒரு தட்டையான டப்பா, அதில் நனைத்த மெல்லிய ஸ்பாஞ்ச், அதன் மேல் கேக் சுடப் பயன்படுத்தும் பேக்கிங் தாள். அவ்வளவுதான். தாளின் வழியே கசியும் ஈரம் பெயின்ட்டை மணிக்கணக்கில் உயிரோடு வைத்திருக்கும்.

ஏற்கெனவே விழுந்து காய்ந்த கோடுகளை நைசான உப்புத்தாளால் தேய்த்து, மறுபடி மெல்லிசாக இரண்டு பூச்சு கொடுங்கள்.

மஞ்சளும் சிவப்பும் எத்தனை முறை பூசினாலும் மூட மாட்டேன் என்கின்றன

உங்கள் கையில் குறை இல்லை. பளிச்சென்ற மஞ்சள், சிவப்பு நிறமிகள் பல இயல்பிலேயே பாதி ஒளி ஊடுருவக்கூடியவை. மஞ்சள் காவியும் செங்காவியும் இரும்பு ஆக்சைடு, அவை நன்றாக மூடும். வெள்ளையில் இருக்கும் டைட்டானியம் டைஆக்சைடும் அப்படியே. எனவே மஞ்சளுக்கு அடியில் முதலில் மஞ்சள் காவி அல்லது தந்த நிறம் பூசுங்கள். சிவப்புக்கு அடியில் செங்காவியோ இளஞ்சிவப்போ பூசலாம். இளஞ்சிவப்பின் மேல் வரும் சிவப்பு எரியும், செங்காவியின் மேல் வரும் சிவப்பு ரத்தம் மாதிரி கனமாக இருக்கும். நெருப்பு டிராகனுக்கு முன்னது, பழைய காட்டுப் பூதத்துக்குப் பின்னது என்பது என் விருப்பம்.

வாஷ் காய்ந்ததும் வட்ட வட்டமாகக் கறை

அரக்கன் தீட்டுகிறவர்கள் அதிகம் மனம் உடையும் இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். வாஷ் என்பது பள்ளங்களில் இறங்கி நிழல் தரும் நீர்த்த நிறம். செதில், சுருக்கம், மயிர் இவற்றில் அற்புதமாக வேலை செய்யும். தட்டையான வயிறு, தோள்பட்டை, இறக்கைச் சவ்வு இவற்றில் குளம் வற்றிய கரை மாதிரி ஒரு கோடு விட்டுப் போகும்.

ஏன் அப்படி? ஒரு சொட்டு நீர்மம் காயும்போது அதன் விளிம்பு இருந்த இடத்திலேயே பற்றிக்கொண்டு நிற்கிறது. விளிம்பில் ஆவியாகும் நீரை ஈடுகட்ட உள்ளிருந்து நீர் வெளிநோக்கி ஓடுகிறது, போகும்போது நிறமித் துகள்களையும் இழுத்துக்கொண்டு போய் விளிம்பில் குவிக்கிறது. காபி சிந்தினால் ஓரம் கறுத்த வளையம் வருவதும் இதனால்தான். சிகாகோ பல்கலைக்கழக இயற்பியலாளர்கள் 1997-இல் இதை விளக்கி எழுதினார்கள். இதிலிருந்து நமக்குக் கிடைக்கும் பாடம் நேரடியானது: தட்டையான இடத்தில் சொட்டு நிற்கவே விடக்கூடாது.

வாஷ் ஈரமாக இருக்கும்போதே கவனித்துவிட்டீர்களா? சுத்தமான பிரஷை நனைத்து, காகிதத்தில் ஒற்றி, தேங்கிய இடத்தில் நுனியை வையுங்கள். பிரஷ் உறிஞ்சிக்கொள்ளும். துடைத்துவிட்டு மறுபடி. முதல் ஒன்றிரண்டு நிமிடம்தான் இதற்கு நேரம், ஆகவே முதலில் சொன்ன 20 நிமிடக் காத்திருப்பு இதற்கு மட்டும் பொருந்தாது. விளிம்பு காய ஆரம்பித்துவிட்டால் தொடாதீர்கள், தொட்டால் கறை கிழிசலாக மாறும்.

காய்ந்த பிறகே பார்த்தீர்கள் என்றால், அடிப்படை நிறத்தை நன்றாக நீர்த்துக் கறையின் விளிம்பிலிருந்து வெளிச்சமான பக்கம் நோக்கி மெல்லிசாக இழுங்கள். ஒவ்வொரு பூச்சும் காய்ந்த பின் அடுத்தது. மூன்று நான்கு முறையில் கரை கரைந்துவிடும். இன்னொரு வழி எனக்குப் பிடித்தது: அந்தக் கறையையே தோலின் புள்ளியாக்கிவிடுவது. அதன் பக்கத்தில் வேண்டுமென்றே இன்னும் நான்கைந்து ஒழுங்கற்ற திட்டுகள் வையுங்கள், பெரியதும் சின்னதுமாக. தவளைத்தோல் பூதத்துக்கு இது அவ்வளவு பொருந்தும்.

அடுத்த முறைக்கு: வாஷில் தண்ணீர் கலக்காமல் அதற்கான மீடியம் (நிறமி இல்லாத பெயின்ட் பசை) கலந்து நீர்த்துப் பூசுங்கள். தண்ணீர் பசையை மட்டும் பலவீனமாக்கும், மீடியம் பசையைக் காப்பாற்றும். தட்டையான இடங்களை விட்டுவிட்டுப் பள்ளத்தில் மட்டும் வாஷை இழுப்பது இன்னும் நல்லது.

ஹைலைட் சுண்ணாம்புப் பொடி மாதிரி தெரிகிறது

ஹைலைட் என்பது மேடான இடங்களில் வைக்கும் வெளிர் நிறம். டிரை பிரஷ் செய்தபோது, அதாவது பெயின்ட்டைப் பெரும்பாலும் துடைத்துவிட்ட பிரஷால் மேடுகளை மட்டும் தடவியபோது, வந்ததென்றால், பிரஷ் ஒன்று மிகக் காய்ந்திருந்தது, அல்லது நிறம் ஒரே தாவலில் வெளுத்துவிட்டது. பிரஷில் துளி ஈரம் இருக்கட்டும். கரும்பச்சையிலிருந்து நேராக வெளிர் மஞ்சளுக்குப் போகாமல் நடுவில் ஒரு பச்சை வையுங்கள். எல்லாவற்றிலும் வெள்ளையே கலந்து வெளுப்பாக்கும் பழக்கத்தையும் விடப் பாருங்கள். பச்சைத் தோலுக்கு மஞ்சளும், சிவப்புத் தோலுக்கு ஆரஞ்சும் கலந்து வெளுப்பாக்கினால் சுண்ணாம்புத் தோற்றம் வராது. வந்துவிட்டதைச் சரிசெய்ய, அடிப்படை நிறத்தை மீடியத்தில் கண்ணாடி மாதிரி நீர்த்து ஒரு பூச்சு முழுக்கக் கொடுங்கள். பொடி அடங்கி எல்லாம் ஒன்றுசேரும்.

வெள்ளைக் கொம்பு, பல், நகம் மட்டும் சுண்ணாம்பாகத் தெரிந்தால், தூய வெள்ளையை அடிப்படையாக வைத்ததுதான் பிழை. பழுப்பில் ஆரம்பியுங்கள். எலும்பு நிறத்தில் அடியிலிருந்து நுனிக்கு மெல்லிய கோடுகள் இழுங்கள். வெள்ளை நுனியில் மட்டும்.

எல்லாம் சுத்தமாக இருக்கிறது, ஆனால் அரக்கன் உயிரில்லாமல் தட்டையாகத் தெரிகிறது

பிழை எதுவும் இல்லாததால் இதைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். ஒரு சோதனை: கைபேசியில் படம் எடுத்துக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். உடல், இறக்கை, வயிறு எல்லாம் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் குறை நிறத்தில் இல்லை, வெளிச்சத்துக்கும் இருட்டுக்குமான இடைவெளியில் இருக்கிறது. சின்ன உருவத்தின் மேல் விழும் நிஜ வெளிச்சம் அதன் கனத்தைக் காட்டப் போதாது. பெரிய உடலில் தானாக விழும் நிழலை நாம் பெயின்ட்டால் போட்டுத்தர வேண்டும்.

தலைக்கு மேலே ஒரு விளக்கைப் பிடித்துப் பாருங்கள். நெற்றி, தோள், முதுகெலும்பு, இறக்கையின் மேல் எலும்பு ஆகியவை பிரகாசிக்கும். அக்குள், தாடையின் அடி, வயிற்றின் கீழ், வால் தரையைத் தொடும் இடம் எல்லாம் இருண்டிருக்கும். அதையே அப்படியே தீட்டுங்கள். நிழலைக் கறுப்பால் போட வேண்டாம். பச்சைக்கு நீலமோ ஊதாவோ கலந்த நிழல், சிவப்புக்கு ஊதா கலந்த பழுப்பு. நீங்கள் "போதும்" என்று நினைக்கும் இடத்திலிருந்து இன்னும் ஒரு படி வெளுப்பும் ஒரு படி இருட்டும் போங்கள். கண்ணருகே வைத்தால் அதிகமாகத் தெரியும். கை நீட்டிப் பார்த்தால் சரியாக இருக்கும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. நிஜ விலங்கு மாதிரி இருக்கட்டும் என்று முதுகை இருட்டாகவும் வயிற்றை வெளுப்பாகவும் தீட்டியிருப்பீர்கள். மீன், மான், முதலை எல்லாம் அப்படித்தானே. 1896-இல் அமெரிக்க ஓவியர் ஆபட் தாயர் இதைப் பற்றி எழுதினார்: மேலிருந்து விழும் வெளிச்சத்தை இருண்ட முதுகு விழுங்கிவிடுகிறது, நிழலை வெளுத்த வயிறு ஈடுகட்டிவிடுகிறது, அதனால் விலங்கு தட்டையாகத் தெரிந்து சூழலில் மறைகிறது. அதாவது ஒளிந்துகொள்ள இயற்கை கண்ட உத்தியை, கண்ணைப் பறிக்க வேண்டிய பொம்மையில் நாம் வைத்துவிட்டோம். முதுகின் நிறத்தை மாற்ற வேண்டியதில்லை. இருண்ட முதுகிலேயே செதில் நுனிகளைத் தைரியமாக வெளுப்பாக்குங்கள், வெளுத்த வயிற்றின் அடியில் தைரியமாக நிழல் போடுங்கள். உருவம் உடனே உருண்டு எழும். எனக்கு இந்த வேலையிலேயே மிகப் பிடித்த நிமிடம் அது.

இன்னும் தட்டையாக இருந்தால் பளபளப்பை மாற்றிப் பாருங்கள். தோல் மந்தமாக இருக்கட்டும். கண், நாக்கு, ஈறு, புண் இவற்றில் மட்டும் பளபளக்கும் வார்னிஷ் ஒரு தொடு. ஈரம் தெரிந்த இடத்தில் உயிர் தெரியும்.

கண் எந்தப் பக்கம் பார்க்கிறதென்றே தெரியவில்லை

கண்ணை முதலில் தீட்டுங்கள், கடைசியில் அல்ல. அப்போது சுற்றிலும் வழிந்தாலும் தோல் நிறத்தால் மூடிவிடலாம். குழி முழுக்கக் கறுப்பு, அதற்குள் ஓரத்தில் கறுப்பு மிஞ்சும்படி வெளிர் மஞ்சள், நடுவில் கண்மணி. கண்மணியைப் புள்ளியாக வைக்க முயன்றால் மாறுகண் வரும். மேலிமையிலிருந்து கீழிமை வரை ஒரே கோடாக இழுத்துவிடுங்கள். கோடு கொஞ்சம் நகர்ந்தாலும் பார்வை ஒரு பக்கம் திரும்பியதாகவே தெரியும். பூனைக்கும் முதலைக்கும் இருப்பது போன்ற நெட்டுக் கண்மணி பதுங்கிப் பாயும் அரக்கனுக்குப் பொருந்தும். ஆட்டுத்தலை அரக்கனுக்குக் கிடைமட்டக் கோடு. ஆட்டின் கண்மணி அப்படித்தான், பார்க்கவே கலக்கமாக இருக்கும்.

இரண்டு கண்களையும் ஒன்றன்பின் ஒன்றாகத் திருத்திக்கொண்டே போனால் இரண்டும் வளர்ந்துகொண்டே போகும். தீட்டக் கடினமான கண்ணை முதலில் முடித்து, எளிதானதை அதற்கு ஒத்தபடி அமையுங்கள்.

கை நடுங்குகிறது, ஆசையாக உட்கார்ந்தது வேலையாகக் கனக்கிறது

இதையும் ஒரு கோளாறாகவே எடுத்துக்கொள்ளுங்கள், இதற்கும் காரணம் உண்டு. நடுக்கத்துக்கு முதலில் உட்காரும் விதத்தைப் பாருங்கள். இரண்டு முழங்கையும் மேசையில் ஊன்றியிருக்க வேண்டும். இரண்டு மணிக்கட்டின் அடிப்பகுதியும் ஒன்றையொன்று தொட்டிருக்க வேண்டும். அப்போது இரண்டு கையும் சேர்ந்தே அசையும், பிரஷுக்கும் மினியேச்சருக்கும் நடுவில் அசைவு இருக்காது. மூச்சை மெதுவாக விட்டுக்கொண்டே கோடு இழுங்கள். மினியேச்சரைக் கண்ணுக்கு உயர்த்துங்கள், கழுத்தைக் குனிய வேண்டாம். விளக்கு பிரஷ் பிடிக்காத கைப் பக்கம் இருக்கட்டும், இல்லாவிட்டால் உங்கள் கையின் நிழலிலேயே தீட்டிக்கொண்டிருப்பீர்கள்.

கனமாகத் தோன்றுவதற்குப் பெரும்பாலும் காரணம், அன்றைக்கு மனசுக்கு ஒத்துவராத படியில் இருப்பது. களைத்த ராத்திரியில் கண் தீட்டாதீர்கள். அன்றைக்கு அடித்தளத்துக் கல்லை டிரை பிரஷ் செய்யலாம், முதுகுச் செதிலுக்கு அடிநிறம் பூசலாம், மயிருக்கு வாஷ் விடலாம். யோசிக்காமல் கை தானாகப் போகும் வேலை என்று நான் எப்போதும் ஒரு பொம்மையைத் தனியாக வைத்திருக்கிறேன். பெரும்பாலும் அது ஏதாவது ஒரு செதில் பிராணியாகத்தான் இருக்கும். ஒரு சாயங்காலம் ஒரு இறக்கை மட்டும் என்று வைத்துக்கொண்டால் போதும். அரக்கன் அவசரப்படுத்த மாட்டான். மனித முகத்தில் நிறம் பிசகினால் எல்லோருக்கும் தெரியும், அரக்கனின் சரியான நிறம் எது என்று யாருக்குமே தெரியாது. அந்தச் சுதந்திரத்துக்காகத்தான் நான் வீரர்களை விட்டுவிட்டு அரக்கர்களுக்கு வந்தேன்.

பிரஷ் நுனி பிளக்கிறது, கொக்கி மாதிரி வளைகிறது

பெயின்ட் மயிரின் அடியில், உலோகப் பிடிக்குள் போய்க் காய்ந்திருக்கிறது. பாதி மயிருக்கு மேல் தோய்க்காதீர்கள், தண்ணீர்க் கிண்ணத்தில் நிற்க வைக்காதீர்கள். பிரஷ் சோப்பில் சுழற்றி, நுனியைக் கூராக்கிப் படுக்க வைத்துக் காயவிடுங்கள். வளைந்த செயற்கை மயிரைச் சூடான தண்ணீரில் சில நொடிகள் நனைத்து நேராக்கலாம். கோலின்ஸ்கி போன்ற இயற்கை மயிருக்கு வெந்நீர் கூடாது. மினுமினுக்கும் உலோக நிறங்களுக்குத் தனிப் பிரஷும் தனித் தண்ணீரும் வையுங்கள். அதிலுள்ள மின்னும் துகள்கள் அதே தண்ணீர் வழியாக அரக்கனின் தோலுக்குள் வந்துவிடும். நுனியை நாக்கில் வைத்துக் கூராக்கும் பழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள், சில நிறமிகள் விஷம்.

வார்னிஷ் அடித்ததும் வெண்பனி படர்ந்துவிட்டது

மாதக்கணக்கில் தீட்டியதன் மேல் வெள்ளைப் படலம் வந்து நின்ற அந்த ராத்திரி எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. மழைக்கு முந்தைய புழுக்கமான சாயங்காலத்தில் அடித்திருந்தேன். காற்றில் ஈரம் அதிகமிருந்தால் அது காயும் படலத்தில் சிக்கி வெளுக்கும். மேட் வார்னிஷில் பளபளப்பைக் குறைக்கச் சேர்த்த தூள் அடியில் தங்கிவிடும், குலுக்காமல் அடித்தாலும் அதிகமாக அடித்தாலும் அதுவும் வெள்ளையாகத் தெரியும்.

பெயின்ட் அடியில் பத்திரமாக இருக்கிறது. சுரண்டாதீர்கள். ஒரு நாள் முழுக்கக் காயட்டும். பிறகு காய்ந்த காற்றுள்ள நாளில் பளபளக்கும் வார்னிஷ் மெல்லிசாக ஒரு பூச்சு. வெண்மைக்குக் காரணம் படலத்திலுள்ள நுண்ணிய இடைவெளிகள் ஒளியைச் சிதறடிப்பது. அவற்றைப் புது வார்னிஷ் நிரப்பினால் நிறம் திரும்பி வரும். அது நன்றாகக் காய்ந்த பின் மேட் வார்னிஷைப் பிரஷால் பூசி மந்தமாக்கிக்கொள்ளலாம். என் டிராகன் இப்படித்தான் மீண்டது. இடது இறக்கையின் மடிப்பில் மட்டும் கொஞ்சம் வெளுப்பு மிஞ்சியது, அதைப் பாசி பிடித்த மாதிரி தீட்டிவிட்டேன். எந்த வார்னிஷாக இருந்தாலும் முதலில் ஒரு வீணான துண்டில் அடித்துப் பார்ப்பது அன்றிலிருந்து பழக்கம்.

ஒன்றும் மிஞ்சவில்லை, முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்

பெயின்ட் தடித்து விவரங்கள் மூழ்கிப்போனால் உரிப்பதில் தப்பே இல்லை. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் அக்ரிலிக் இளகும். முதலில் அடித்தளத்தின் அடிப்பக்கம் மாதிரி மறைவான இடத்தில் ஒரு சொட்டு வைத்துப் பிளாஸ்டிக் தாங்குகிறதா என்று பாருங்கள், ரெசினில் இது ரொம்ப முக்கியம். அசிட்டோன் வேண்டவே வேண்டாம், பாலிஸ்டைரீன் மினியேச்சரை அது கரைத்தே விடும். கண்ணாடி டப்பாவில் மூழ்க வைத்து மூடி, நெருப்பு எதுவும் பக்கத்தில் இல்லாத காற்றோட்டமான இடத்தில் சில மணி நேரம் விடுங்கள். கையுறையோடு எடுத்துப் பழைய டூத்பிரஷால் தேய்த்தால் சுருள் சுருளாக வரும். பள்ளங்களில் கொஞ்சம் நிறம் தங்கும், அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், பிரைமர் மூடிவிடும். சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். ஒட்டிய கைகால் ஏதாவது கழன்றிருந்தால் இப்போதே ஒட்டிவிடுங்கள். ஒரு ராத்திரி காயட்டும், காலையில் பிரைமர் அடிக்கலாம்.